டயர்ல போட்ட கோடு

கையைக் கொஞ்சம் தூக்குங்க மாப்ள. அவ்ளோ இல்ல, போலீஸ்ல சரணடையற மாதிரி நிக்கறீங்க. ஆங், இப்படி. கல்யாணக் கோட்டு அக்குள்ல இறுக்கக் கூடாது. மாமனார் தெச்சதுன்னா நீங்க வெளிய குறையும் சொல்ல முடியாது, பாவம்.

டேப்புல என்ன நம்பர்னு நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க. இந்த ட்யூப்லைட்டு ஒரு மாதிரி மினுக்குது. ம்... சரி, மனசுல வெச்சுக்கிட்டேன்.

எதுல விட்டேன்? ஆங், காரு. சாதாரணக் காரா இருந்தா நான் ஏங்க இவ்ளோ பேசறேன்? ரெண்டே சீட்டு ஸ்போர்ட்ஸ் காரு. கோட்டு தெச்சுக்க வர்ற ஒருத்தர் மரத்துல கொண்டுபோய் மோதிட்டு, இனிமே தேறாதுன்னு கைகழுவிட்டுப் போனது. அதைப் பல வருஷமா ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு எழுப்பி நிறுத்தினேன். சீட்டுக்குத் தோலு இதோ இந்த மிஷின்லதான் தெச்சேன். எத்தனை ஊசி ஒடஞ்சுதுன்னு உங்க அத்தையைக் கேளுங்க. அந்த வண்டியை யாரோ எடுத்து ஓட்டியிருக்காங்க.

பிரமையா? அத்தையும் அதையேதான் சொன்னா. அதனாலதான் கோடு போட்டேன். துணியில மார்க் பண்ற சாக்பீஸ் இருக்குல்ல, அதால டயர்லேர்ந்து தரை வரைக்கும் ஒரே கோடு. நல்லாப் பட்டையா. மறுநாள் கடையிலேர்ந்து போய் விரலால தடவிப் பாக்கறேன், தரையில கோடு இருக்கு, டயர்ல அந்த எடத்துல இல்ல! கோடு மேல ஏறி உக்காந்திருக்கு. கோடு போட்டப்புறம் நான் சாவியத் தொடவே இல்ல. வண்டி என்ன, தானா உலாத்திட்டு வந்துச்சா?

திரும்புங்க. முதுகளவு.

யாரைச் சந்தேகப்படறது சொல்லுங்க. என் மச்சினன் ரொம்ப நாளா ஒரே ஒரு ரவுண்டு, ஒரே ஒரு ரவுண்டுன்னு உயிரை எடுக்கறான். ஆனா அவன் தொப்பைக்கு நான்தான் பேண்ட்டு தெக்கறேன். அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால அவன் உக்காரணும்னா தொப்பையைக் கழட்டி டிக்கியில வெச்சாத்தான் உண்டு. அடுத்தது பக்கத்து மருந்துக்கடைக்காரர். கேட்டுக் கேட்டு ஓஞ்சவர். ஆனா அவர் வாயில சிகரெட் அணையாது. உள்ள மூக்கை வெச்சுப் பாத்தேன், ஒரு வாடையும் இல்ல.

சிரிக்காதீங்க. பொண்ணைக் குடுக்க ஒரு நிமிஷம் யோசிக்கல, காரைக் குடுக்க இந்தப் பாடு படறீங்களேன்னு அத்தையும் இப்படித்தான் சிரிச்சா. பொண்ணுக்கு வாய் இருக்கு, புடிக்கலைன்னா சொல்லுவா. கார் சொல்லுமா?

ஆனா ஒண்ணு, சீட்டு சொல்லிடுச்சு. எடுத்தவர் யாரோ, சீட்டைப் பின்னால தள்ளி ஓட்டிட்டு, திரும்ப முன்னால கொண்டுவந்து வெச்சிருக்கார். மரியாதை தெரிஞ்சவர்தான். ஆனா சீட்டு நகர்ற கம்பியில ஒரு பல்லு அளவு பின்னாலயே நின்னுடுச்சு. என் கால் க்ளட்சுக்கு எட்டல. அப்போ ஆளுக்குக் கால் நீளம்.

காலை அகட்டி நில்லுங்க மாப்ள. உள்கால் அளவு. என்ன நம்பர் வருது? மறுபடியும் படிங்க. அடேயப்பா! கட்டில்ல படுத்தா பாதம் வெளியதான் கெடக்கும் போல.

அப்புறம் பக்கத்து சீட்டு. அது அசையவே இல்ல. அதுல எப்பவும் என் பொண்ணுதான் உக்காருவா, அவ அளவுக்கே இருக்கும். சாவியும் பட்டன் டப்பாவுல இருக்குன்னு எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

நேரா நில்லுங்க, கழுத்தளவு எடுக்கணும். ஏன் எச்சில் முழுங்கறீங்க? டேப்பு நழுவுது.

இன்னொண்ணு சொல்லவா? அந்தக் காரைப் பாத்த அத்தனை பேரும் ஓட்டிப் பாக்கவான்னு கேட்டிருக்காங்க. தபால்காரர்கூடக் கேட்டார். நீங்க மட்டும்தான் கேக்கவே இல்ல. இந்த வயசுப் பையன் சிவப்பா ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பாத்துட்டு வாயைத் தெறக்கலைன்னா என்ன அர்த்தம்? விருந்து வீட்டுல பசிக்கலைங்கறவன் ஏற்கெனவே சாப்பிட்டவன் மாப்ள.

அட, விடுங்க, விடுங்க. மன்னிப்பெல்லாம் எதுக்கு? நான் கோவப்படறதா இருந்தா கழுத்தளவு எடுக்கறப்பவே பட்டிருப்பேன். வண்டி பூராத் தடவிப் பாத்துட்டேன், ஒரு கீறல் இல்ல. நல்லாத்தான் ஓட்டியிருக்கீங்க.

அந்தக் கோட்டு ஹேங்கரை எடுங்க. அங்க இல்லையா? எங்க... ஆங், உங்க கைக்குப் பக்கத்துலயே. குடுங்க.

இல்லைங்க, ட்யூப்லைட்டு நல்லாத்தான் எரியுது.

என் கண்ணுதான் கொஞ்ச நாளாவே இப்படி. நடுவுல மங்கிடுச்சு, ஓரத்துல மட்டும் ஏதோ தெரியுது. திரும்ப வராதுன்னுட்டார் டாக்டர். கடைசியா ஓட்டினப்ப ஒரு சைக்கிள்காரர் போட்ட சத்தம்தான் கேட்டுச்சு, ஆளைக் காணோம். அவருக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்கோட ஓட்டறதை விட்டுட்டேன். இப்பல்லாம் காலைல போய் உக்காந்து, ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தைக் கேட்டுட்டு அணைச்சுட்டு வந்துடறேன். அத்தைக்குத் தெரியாது. உங்க கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கறேன். என் பொண்ணுகிட்டயும் மூச்சு விடாதீங்க, மணவறையில உக்காந்து அழுவா.

உங்க கோட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. அளவை நீங்க படிச்சீங்க, தையலை விரல் பாத்துக்கும். ரோட்டைத்தான் தடவிப் பாக்க முடியல.

சட்டையைப் போட்டுக்குங்க. நாளைக்குக் காலைல வாங்க, மலைரோட்டுப் பக்கம் ஒரு சுத்து போய்ட்டு வரலாம். நான் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கறேன். கியர் மாத்தறப்ப மட்டும் ஏதாவது சொல்லுவேன், தப்பா எடுத்துக்காதீங்க.

அப்புறம், எறங்கறப்ப சீட்டை முன்னால தள்ள வேணாம். உங்க அளவுலயே இருக்கட்டும்.