மைக் இல்லாத மேடையில் ஒரு மைக் செட்காரன்

தலைமையையும் தாங்கி, தலைக்கு மேல் வெயிலையும் தாங்கி வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே! வானொலி வானியல் துறையை வளர்த்தெடுத்த பேராசிரியர் அம்மா அவர்களே! ஆன்றோர்களே, அன்னையர்களே, எங்கள் தெருவின் தங்கங்களே! "சுருக்கமாப் பேசுங்க" என்று முதல் வரிசையிலிருந்து கண்ணாலேயே கட்டளையிடும் என் இல்லத்தரசியே! அனைவருக்கும் வணக்கம்.

கல்யாணம் முதல் கட்சிக் கூட்டம் வரை ஒலிபெருக்கி கட்டியவன் நான். எத்தனை சிங்கங்கள் முழங்க மைக்கை நிமிர்த்தி வைத்திருப்பேன்! நானோ "ஹலோ, மைக் டெஸ்டிங்" தாண்டி மேடையில் பேசியதில்லை. இன்று பேச அழைத்தார்கள். மைக்கை மட்டும் தரவில்லை! பின்வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கிறதாம். தொண்டை வாழ்க!

இந்த மைதானத்தில் மைக்குக்குத் தடை, கைப்பேசிக்குத் தடை. அந்தத் தடைக்குக் காரணம் யார்? அந்தப் பெருமையும் அடியேனுக்கே.

பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னை மரியாதையாக வழியனுப்பிவிட்டது. என் மகளோ இந்தத் துறையில் ஆய்வு மாணவி. அன்று துறையின் சொத்தெல்லாம் மொட்டைமாடியில் ஒரு தகரக் கூம்பு. பார்த்தால் எண்ணெய் ஊற்றும் புனல்! விண்வெளி வாயு அனுப்பும் மெல்லிய ரேடியோ அலையை அது பிடிக்குமாம். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. வெல்டிங் பட்டறை, தையல் கடை, என் கடை. எங்கள் மின்சாரக் கலவரத்தில் அந்த அலை மூழ்கிப்போகும்.

நிதி ஒதுக்கும் குழு ஒன்று பார்வையிட வருவதாக இருந்தது. அலை தெரிந்தால் துறைக்கு இந்த மைதானம் கிடைக்கும். தெரியாவிட்டால் துறைக்கே பூட்டு. அதற்கு முந்தின நாள் இரவு மகள் சோற்றுத் தட்டில் கை வைக்கவே இல்லை.

"அப்பா, நாளைக்கு மதியம் மட்டும் தெருவுல கரண்ட்ல ஓடுறது எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றீங்களா?"

பெற்றவன் சும்மா இருப்பேனா? மறுநாள் கம்பியில்லா மைக்கை எடுத்தேன். ஒலிபெருக்கிப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினேன். கரண்ட் கூடாது என்றாள், இது பேட்டரி! என்ன அறிவு பாருங்கள்! தெருமுனைக்குத் தெருமுனை நின்று, "ஆய்வு நடக்கிறது, அனைத்தையும் நிறுத்துங்கள்" என்று முழங்கினேன். வெல்டிங்காரர் நிறுத்தினார். தையல்கார அக்கா நிறுத்தினார். ஊரே நின்றது, நான் மட்டும் நிற்கவில்லை.

சிரிக்காதீர்கள் வெல்டிங்காரரே, நீங்கள்தான் "இன்னொரு தடவை சொல்லுண்ணே, நல்லா இருக்கு" என்றீர்கள்!

மேலே மாடியில், கூம்போடு இணைத்த கணினித் திரையில் இரைச்சல் கோடுகள், ஒரே கோரைப்புல் காடு. குழுத் தலைவர் எழுந்தேவிட்டார். மகள் மாடி விளிம்புக்கு ஓடிவந்து பார்த்தாள். கீழே அப்பன், கையில் மைக்.

"அப்பா, கையில என்ன?"

"பேட்டரிதாம்மா."

"அந்த மைக்கே அலைதாம்ப்பா அனுப்புது. ஆஃப் பண்ணுங்கப்பா."

அணைத்தேன். மாடியேறினேன். திரையில் புல் படுத்திருந்தது. நடுவே சின்னதாக ஒரு மேடு எழுந்து நின்றது, அதுதான் அந்த விண்வெளி அலையாம். இவ்வளவுதானா என்று என் வாய் வரை வந்தது. மகள் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

தலைவர் கேட்டார்: "இவ்வளவு நேரம் இல்லையே, இப்ப என்னம்மா பண்ணினீங்க?"

மகள் சொன்னாள்: "எங்க அப்பாவை ஆஃப் பண்ணினோம் சார்."

அவர் சிரித்தபடி மறுபடி உட்கார்ந்தார். தெருவே ஓய்ந்தது, தெருவின் தொண்டையும் ஓய்ந்தது. அதற்குப் பின்னும் ஓயாத ஒன்று வானத்திலிருந்து வராமல் வேறு எங்கிருந்து வரும்? அந்தக் கேள்விதானே இந்த மைதானத்தைப் பெற்றுத் தந்தது? அந்த மேடுதானே இதோ, வரிசை வரிசையாக வானம் பார்க்கும் வெள்ளை ஆன்டெனாத் தட்டுகளாக வளர்ந்து நிற்கிறது?

ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்தவன் பெற்ற பிள்ளை, சத்தமெல்லாம் அடங்கியபின் மிஞ்சுவதைத் தேடுகிறாள். அப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கைதட்டலாமா என்கிறீர்களா? தாராளமாக! கைக்கும் வாய்க்கும் தடையில்லை. கேட்டு உறுதி செய்துகொண்டுதான் மேடையேறினேன்.

வாய்ப்பளித்த துறைக்கும், வாய்மூடிக் கேட்ட உங்களுக்கும், அன்று தொழிலை நிறுத்திய எங்கள் தெருவுக்கும் நன்றி. அதோ, தட்டுகளை இயக்கும் சுவிட்சில் கைவைத்தபடி மகள் என்னையே பார்க்கிறாள். நான் ஆஃப் ஆக வேண்டிய நேரம்.

வணக்கம்!