தாண்ட விடாதவன்

இல்ல சார், கருத்தப்பாண்டி இங்க இல்ல. அது எங்கண்ணன். அவரு வீடு ஒசக்க, மேல் லயத்து லைன் வீட்டுல. நீங்க கீழ் லயத்துக்கு வந்துட்டீக. ஜீப்புக்காரன் மாத்தி எறக்கி விட்டுட்டானா? சரி, அங்க ஏறிப் போனாலும் ஆள் இருக்காது. கொழுக்குமலைக்கு டூரிஸ்ட்டுகளை ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு. வர மத்தியானம் ஆகும். போன் அடிச்சுப் புண்ணியம் இல்ல, அங்க ரேஞ்ச் கிடையாது.

நீங்க யாருன்னு சொல்ல வேணாம், எனக்குத் தெரியும். தனபால் கோச். தொப்பை போட்டிருக்கீக, மீசைக்கு மை அடிச்சிருக்கீக, மத்தபடி அதே ஆளுதான். பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி எங்கம்மா குடுத்த பாலில்லாத கட்டஞ்சாயாவைக் குடிச்சுட்டு, உங்க மகனை எங்கிட்ட விட்ருங்கம்மா, என் சொந்தப் புள்ளையாட்டம் பாத்துக்கறேனுங்கன்னு சொன்னீகள்ல? அந்த ‘ங்க’வை நான் மறக்கலை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரவுக பேச்சு என்னா மரியாதையா இருக்குன்னு எங்கம்மா ஒரு வாரம் சொல்லிக்கிட்டே திரிஞ்சுச்சு.

ஆமா, ஆனந்திதான். தங்கச்சி. அப்ப பாவாடை கட்டிக்கிட்டு ஒங்க கார் கண்ணாடில மூஞ்சி பாத்தவ. இன்னைக்குச் சாயா எல்லாம் கிடையாது. உக்காரணும்னா உக்காருங்க.

என்னா கவரு அது? குடுங்க பாப்போம். ஏன் இழுக்கீக? எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும் சார், பத்தாவது வரைக்கும் மலையாள மீடியந்தான். ம்... கருத்தப்பாண்டி ஆகிய நான்... ஒம்பது வருசத்துக்கு முந்தி நடந்த ஃபுட்பால் களியில... யாரும் ஒண்ணும் சொல்லித் தராம, என் சொந்த கோவத்துல செஞ்சது... கோச் மேல எனக்கு ஒரு பராதியும் கொறையும் இல்ல. ஓஹோ. கையெழுத்துப் போடுற எடத்துல பென்சில்ல புள்ளி வேற வச்சுக் குடுத்திருக்கீக.

நானும் தினம் நியூஸ் பத்திரம் படிக்கிறவதான். போன மாசம் ஒங்க டீம் டிஃபெண்டர் ஒருத்தன் எதிராளி காலை ஒடிச்சுட்டு, கோச் சொல்லித்தான் செஞ்சேன்னு வாயைத் தொறந்துட்டான். அசோசியேசன்ல அன்வேஷணம், அதான் விசாரணை, வச்சுட்டாக. பழசையெல்லாம் தோண்டுறாக. செவ்வாக்கிழமை வந்து சொல்லச் சொல்லி அண்ணனுக்கும் லெட்டர் வந்துருக்கு. அதான் ஒம்பது வருசமா தெரியாத வழி இன்னைக்குத் தெரிஞ்சுருக்கு ஒங்களுக்கு.

வேலையா? அகாடமிலயா? சின்னப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கணுமா? எதைச் சார் சொல்லிக் குடுக்கணும்?

மெதுவாப் பேச மாட்டேன். எங்க வீட்டுல நான் இப்படித்தான் பேசுவேன்.

எங்கண்ணனை டிஃபெண்டர் ஆக்கினது நீங்கன்னு ஒரு பேட்டில சொல்லியிருந்தீக. அது பொய்யி. இந்த எஸ்டேட் டிவிசன் கிரவுண்டை நீங்களே பாத்தீகள்ல, ஒரே சரிவு. கீழ் போஸ்ட்டைத் தாண்டிப் பந்து போச்சுன்னா தேயிலைக்குள்ள உருண்டு, ஓடையில போயித்தான் நிக்கும். எவன் தாண்ட விட்டானோ அவன் எறங்கி எடுத்துட்டு வரணும். மழைக்காலத்துல ஒரு தடவை எறங்கி ஏறினா முழங்கால் வரைக்கும் அட்டை தொங்கும். எங்கண்ணனுக்கு அட்டைன்னா பாதி உசுரு போயிரும். அதனால பந்தைத் தாண்ட விட மாட்டாரு. மத்தவன் எல்லாம் கோல் போட ஓடுவான், இவரு ஒத்தையா கீழ நிப்பாரு. அம்புட்டுத்தான். பயந்து பயந்து கத்துக்கிட்ட களி அது.

பதினெட்டு வயசுல கூட்டிட்டுப் போனீக. மொத ரெண்டு வருசம் பாலக்காட்டுப் பக்கம் ஏழு பேரு ஆடுற செவன்ஸ், அறுப்பு முடிஞ்ச வயல்ல மூங்கில் கேலரி கட்டி ஆடுறது. பெறகு திருச்சூர்ல கிளப்பு. பந்தைப் பாக்காத பாண்டி, வர்றவன் இடுப்பைப் பாரு, அவன் எங்க திரும்பப் போறான்னு இடுப்புலயே தெரிஞ்சுரும்னு சொல்லிக் குடுத்தீக. அதை நான் இல்லைங்கலை. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீக. லீவுக்கு வந்தா லயத்துல நடந்து போறவுக இடுப்பைப் பாத்து, இந்தா வலது பக்கம் திரும்பப் போறாகம்பாரு. அப்படியே திரும்புவாக. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஆறு வருசம் சார். புருவத்துல ஏழு தையல். முன்பல்லு ரெண்டு போச்சு. மூக்கு ரெண்டு தடவை ஒடிஞ்சுச்சு. கோல் போட்டவன் படம் பத்திரத்துல வரும், அதுல ஓரமா எங்கண்ணன் தோள்பட்டை மட்டும் தெரியும். எங்கம்மா அந்தத் தோள்பட்டையை வெட்டிச் செவுத்துல ஒட்டி வச்சிருந்துச்சு. கேக்கறவுககிட்ட எல்லாம் இது எம்மவன் தோளுன்னு காட்டும். அந்த ஆறு வருசத்துல ஒரு ரெட் கார்டு உண்டா? சொல்லுங்க. ஒண்ணு கிடையாது.

அப்பறம் கோழிக்கோட்டுல அந்த செமிஃபைனல். எதிர் டீம்ல பத்தாம் நம்பரு. பேரு ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு? இல்லையா? நெசமாவே இல்லையா? மணிகண்டன். வாளையார்க்காரரு, லாரி டிரைவர் வீட்டுப் புள்ள, அப்ப இருவத்தோரு வயசு. மொதப் பாதில ரெண்டு தடவை எங்கண்ணனைத் தாண்டிப் போயி, ரெண்டாவது தடவை கோலும் போட்டுட்டாரு.

ஹாஃப் டைம்ல எல்லாரும் ஆரஞ்சு தின்னுக்கிட்டு இருந்தாக. நீங்க வந்து எங்கண்ணன் முன்னாடி குத்த வச்சு உக்காந்து, அவரு ஷூ கயித்தை ஒங்க கையால இறுக்கிக் கட்டி விட்டீக. கட்டிக்கிட்டே, சத்தமில்லாம, அந்தப் பத்தாம் நம்பர் கடைசி வரைக்கும் நிக்க வேண்டாமுங்க பாண்டின்னு சொன்னீக. அவரு புரியாம முழிச்சாரு. நீங்க அவரு முழங்காலுக்குக் கீழ, இந்தா, இந்த எலும்புல, வெரலால ரெண்டு தட்டுத் தட்டினீக. முடியாதுன்னா இப்பவே சொல்லீரு, நாளைல இருந்து ஒன் எடத்துல வேற ஆளுன்னீக.

எனக்கு எப்படித் தெரியுமா? சொன்னாரு. ஒருத்திகிட்ட மட்டுந்தான் சொன்னாரு.

அறுவத்தி ரெண்டாவது நிமிசம். பந்து அந்தாண்ட போயிருச்சு. எங்கண்ணன் பந்துக்குப் போகலை. காஞ்ச வெறகு ஒடியிற மாதிரி சத்தம் கேலரி வரைக்கும் கேட்டுச்சாம். டிவில நாங்க பாத்தோம். எங்கண்ணன் அப்படியே நிக்குறாரு. ரெஃபரி கார்டைத் தூக்கிக் காட்டுறாரு, அதைப் பாக்கவே இல்ல. ஒங்களைத்தான் பாக்குறாரு. நீங்க திரும்பி யாருக்கோ தண்ணி பாட்டில் குடுத்துக்கிட்டு இருக்கீக.

அன்னைக்கே மைக் முன்னாடி என்னா பேசினீக? எங்களுக்கே அதிர்ச்சியா இருக்குங்க, எவ்வளவோ சொல்லிப் பாத்தாச்சுங்க, எஸ்டேட் பசங்க, அந்த முரட்டுப் புத்தி போகறதில்லைங்க. எங்கம்மா பக்கத்துல உக்காந்து கேட்டுச்சு. எஸ்டேட் புத்தின்னா என்னாடின்னு என்னையக் கேட்டுச்சு. நாப்பது வருசம் கொழுந்து பறிச்ச பொம்பளை.

ஒரு வருசம் வெலக்கி வச்சாக. அது முடியிறதுக்கு முன்னாடியே நீங்க கிளப்புல இருந்து பேரை எடுத்துட்டீக. அதுக்கப்பறம் மூணு கிளப்புக்கு ஏறி எறங்கினாரு. பேரைக் கேட்டதும் கேட்டைச் சாத்தினாக. இருவத்தஞ்சு வயசுல ஜீப் ஸ்டியரிங்கைப் பிடிச்சவரு, இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. டூரிஸ்ட் எவனாவது அடையாளம் கண்டுக்கிட்டு, நீதான அந்தக் காலை ஒடிச்சவன்னு கேட்டா, ஆமாம்பாரு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

அந்த மணிகண்டனைப் போயிப் பாக்கலையான்னா? போனாரு. நீங்க ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறினீகளா? எங்கண்ணன் மாசா மாசம் வாளையாருக்குப் போனாரு. அவுகம்மா கதவைத் தொறக்காது. ஒரு தடவை அரிசி கழுவின தண்ணிய மூஞ்சிலயே ஊத்திருச்சு. தொடச்சுக்கிட்டு அடுத்த மாசமும் போனாரு. நாலாவது தடவை, பொம்பளைப் புள்ள கூட வந்தாலாவது கதவு தொறக்குமான்னு என்னையும் கூட்டிட்டுப் போனாரு. அன்னைக்கு மணிகண்டனே ஊன்றுகோலோட வெளிய வந்தாரு. ஏன் செஞ்சன்னு ஒத்தை வார்த்தைதான் கேட்டாரு. எங்கண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, நீ ரெண்டு தடவை என்னையத் தாண்டிப் போயிட்ட, கோவத்துல செஞ்சுட்டேன்னாரு.

நான் பக்கத்துல நிக்கேன் சார். எனக்குத் தெரியும் அது பொய்யின்னு. திரும்பி வர்ற பஸ்ஸுல அழுதுக்கிட்டே சண்டை போட்டேன். உள்ளதைச் சொன்னா என்னான்னு கேட்டேன். அதுக்குச் சொல்றாரு, கோச் வாயால சொன்னாரு, நான் காலால செஞ்சேன், கால் என்னுது ஆனந்தி, இன்னொருத்தர் பேரைச் சொல்லி அவன் முன்னாடி நான் நல்லவனாக மாட்டேன்னு. மணிகண்டன்கிட்ட இதைச் சொல்லவே மாட்டேன்னு மாரியாத்தா மேல சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நானும் பண்ணிக் குடுத்துட்டேன்.

ஏன் சார், மூஞ்சி தெளியுது? என்னா? அப்ப அந்த ஆளுக்கே தெரியாதான்னா கேக்கீக? ஆமா, தெரியாது. ஒம்பது வருசமா தெரியாது. சித்த நேரம் முன்னாடி வரைக்கும் தெரியாது.

அது பூனை இல்ல சார். கட்டில் சத்தம். என் வீட்டுக்காரரு எந்திரிக்காரு. ஹோம்ஸ்டேல புக்கிங் பாக்குற வேலை, ஞாயித்துக்கிழமை லீவு, உள் ரூம்ல படுத்திருந்தாரு. வலது கால் மடங்காது, அதான் எந்திரிச்சு வரக் கொஞ்சம் நேரமாகும்.

அவரேதான். அண்ணன் போறதை நிறுத்தினப்பறமும் நான் வாளையாருக்குப் போய்க்கிட்டு இருந்தேன். மூணாவது வருசம் அவராக் கேட்டாரு, கட்டிக்கிறியான்னு. ஒரே ஒரு கண்டிசன் போட்டாரு, ஒங்கண்ணன் நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு. எங்கண்ணன் நல்லதுன்னுட்டாரு. கல்யாணத்தன்னைக்குப் பந்தலுக்கு வெளிய நின்னு இலையைக் கையில வச்சுத் தின்னுட்டுப் போனாரு. ஆறு வருசமா ஒரே எஸ்டேட்டு, ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை கிடையாது. நடுவுல நான் தினம் வாயைப் பொத்திக்கிட்டுச் சோறாக்கிட்டு இருக்கேன்.

சத்தியத்தை மீறலை சார். அவருகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. ஒங்ககிட்டத்தான சொன்னேன்? நீங்களா வந்தீக, நீங்களா கேட்டீக.

ஏங்க, பாத்து வாங்க. இல்ல, இந்த ஆளுகிட்ட நீங்க ஒண்ணும் பேச வேணாம். ஏன் சட்டையை எடுக்கீக? எங்க? மேல் லயத்துக்கா? இப்பவேவா? அண்ணன் வர இன்னும் ஒரு மணி நேரமாகும். அங்க போயி உக்காந்திருப்பீகளா? அம்பது படி ஏறணும்ங்க, கால் தாங்குமா?

சரி, சரி. அழாதீக. என் தோளைப் பிடிச்சுக்கங்க.

சார், வாசல்ல நிக்காதீக. நகருங்க, இவரு போகணும்.