ஒரே பெயரில் ஐந்து பாட்டு

டேப் ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைக்கப் பஞ்சைவிடப் பழைய வேட்டித் துணிதான் நல்லது. பஞ்சு இழை விடும். துவைத்து நைந்த வேட்டி விடாது. மேற்குத் தாம்பரத்தில் பதின்மூன்று வருடமாகக் கேசட் பதிவுக்கடை நடத்துகிறேன். என் கடையில் பதிந்த பாட்டில் இரைச்சல் என்று இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை. இப்போது வந்திருக்கும் புகார் வேறு வகை. வியாபாரிகள் சங்கத்துக்குக் கூப்பிட்டு, "லோகநாதன், நடந்ததை நடந்தபடி சொல்லுங்க" என்றீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

1984இல் நான் ஒரு பாட்டு எழுதினேன். நானே மெட்டமைத்து, நானே பாடி, சின்ன இசைத்தட்டாக வெளியிட்டேன். செம்பாக்கம் ஏரிக்கரையில் அப்பா விட்டுப்போன நிலத்தின் ஒரு மூலை அதற்குப் போயிற்று. பாட்டின் பெயர் 'இன்னும் கொஞ்ச தூரம்'. வாழ்க்கை என்பது ஒரு பயணம் என்று அதில் சொல்லியிருந்தேன். அதுவரை யாருக்கும் தோன்றாத கருத்து. ஐந்நூறு தட்டு அச்சாகி வந்தது. நானூற்றுத் தொண்ணூற்றாறு இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

ஏன் விற்கவில்லை என்று நிதானமாக யோசித்தேன். பாட்டில் குறை இல்லை. அதே பெயரில் ஊரில் வேறு பாட்டுகள் இருந்ததுதான் குறை. சினிமாவில் ஒன்று வந்தது. காதலனும் காதலியும் காரில் போவார்கள், பெட்ரோல் தீர்ந்துவிடும். மலைக்குப் போகிற சாமிமார் பாடுகிற பக்திப் பாட்டு ஒன்று. சாவு ஊர்வலத்தில் போடுகிற கானா ஒன்று, சுடுகாடு எவ்வளவு தூரம் என்று பிணமே கேட்கிற மாதிரி. யாராவது கடைக்கு வந்து 'இன்னும் கொஞ்ச தூரம்' என்றால் இந்த மூன்றில் ஒன்றைத்தான் கேட்டார்கள். நான் என் தட்டை எடுத்துக் காட்டினால், "இது இல்ல சார், நிஜமானது" என்பார்கள்.

அந்தச் சொல் சரியில்லை என்று எனக்குப் பட்டது.

முதலில் நான் செய்தது மிகச் சிறிய திருத்தம். சீட்டில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் என் பாட்டையே பதிந்து கொடுத்தேன். பெயர் சரியாகத்தானே இருந்தது. ஒரு வாரம் கழித்து ஆட்டோ ஓட்டுகிற அரிகிருஷ்ணன் கடை வாசலில் வந்து நின்றான்.

"இன்னா சார், இன்னாத்த பதிஞ்சி குட்த்த? எங்க பெரிப்பா சாவுல உன் கேசட்ட மைக்செட்டுல போட்டா, ஆட வந்த பசங்கல்லாம் அப்டியே ரோட்ல குந்திகினானுங்க. ஒரே பேஜாரா பூட்ச்சு. பொணமே எய்ந்து நட்ந்துரும் போல கீது சார்."

கேட்டவர்களை உட்கார வைக்கிற பாட்டு என்று அன்றைக்குக் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஊரில் ஏற்கெனவே இருந்தவற்றை என்ன செய்வது? விற்பனைக்கு வந்த சினிமாக் கேசட்டுகளைப் பெரிய ஸ்பீக்கரின் பின்புறக் காந்தத்தோடு ஒட்டி அடுக்கினேன். இரண்டு வாரத்தில் காதலர்கள் தண்ணீருக்கடியிலிருந்து பாடினார்கள். கானாவின் மூலக் கேசட் பம்மலில் ஒருவரிடம் இருந்தது. சுத்தம் செய்து தருகிறேன் என்று வாங்கினேன், சுத்தமாகவே கொடுத்தேன். பக்திப் பாட்டின் இசைத்தட்டைச் சாமுண்டீஸ்வரி அம்மாள் கேசட்டில் பதியக் கொண்டுவந்தார். கடைக்கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் மேல் மூன்று நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன்.

"தட்டு ஏன் சார் அப்பளம் மாதிரி நெளிஞ்சிருக்கு?" என்றார்.

"வெயில் தாங்காதும்மா."

"மார்கழியிலயா?"

அவருக்கு வேறொரு தட்டு இலவசமாகக் கொடுத்தேன். என்னுடையது.

இப்படிப் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஏழு வருடம் பொறுமையாக வேலை செய்தேன். கடைசியில் அந்தப் பெயருக்கு நான் ஒருவன்தான் என்று நம்பியிருந்தேன். சென்ற ஆகஸ்டில் ஹில்டா டீச்சர் வந்தார்.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர். சர்ச் பாடகர் குழுவையும் நடத்தியவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அவருக்குக் குரல் இல்லை, காற்று மட்டும் வரும். கணவர் எட்மண்ட் சார் பக்கத்தில் குடையோடு நின்றார். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து வைத்தார். உறையில் அவர் கையெழுத்தில் 'இன்னும் கொஞ்ச தூரம், 1982' என்று இருந்தது. என்னைவிட இரண்டு வருடம் முந்தையது.

"நானே எழுதிப் பாடினது சார்," என்றார். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது. "குழுவுக்கு இது வெள்ளி விழா வருஷம். விழாவுல எல்லாரும் கேக்கணும், அப்புறம் பிள்ளைங்க கத்துக்கணும். பத்து காப்பி போட்டுத் தாங்க. இது ஒண்ணுதான் இருக்கு, பத்திரம். என் குரல் இப்ப எனக்கே இதுலதான் கேக்கும்."

"கவலைப்படாதீங்க டீச்சர்," என்றேன்.

அன்று மத்தியானம் அதைப் போட்டுக் கேட்டேன். பக்கவாத்தியமில்லை. பின்னால் மழை பெய்கிறது, யாரோ பெஞ்சை நகர்த்துகிறார்கள், அவர் பாடுகிறார். ஒலித்தரம் சோதிக்க வேண்டும் என்பதால் மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை ஷட்டரைப் பாதி இறக்கினேன். அன்று பம்மல் பக்கமிருந்து தோல் தொழிற்சாலைக் காற்று. அது வந்தால் எனக்குக் கண்ணில் நீர் வரும்.

கேசட்டின் முதுகில் இரண்டு சிறு பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு பதிவு ஏறாது. டீச்சர் கவனமானவர், உடைத்திருந்தார். நான் அந்த இரண்டு பள்ளத்திலும் ஒட்டுத்தாள் ஒட்டினேன். என் பாட்டை ஒரு பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதிந்தேன், பிறகு மறுபக்கமும். வெற்று நாடாவைத் திருப்பிக் கொடுப்பது தொழிலுக்கு அழகில்லை. காப்பி பத்தையும் அப்படியே போட்டேன். முடிந்ததும் ஒட்டுத்தாளைப் பிய்த்துவிட்டேன். வாடிக்கையாளர் பொருளை வந்தபடியே திருப்பித் தர வேண்டும் என்பது என் வழக்கம்.

வெள்ளி விழாவன்று காலையில்தான் கேசட்டுகளைக் கொடுத்தேன். விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். எட்மண்ட் சார் டேப்பைத் தட்டினார். என் குரல் வந்தது. அரங்கில் ஒரு சத்தமில்லை. பத்து வருடத்தில் என் பாட்டுக்கு அப்படியொரு அமைதி கிடைத்ததில்லை.

எட்மண்ட் சார் நிறுத்தப் போனார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க, இதுக்கப்புறம் வரும்" என்று அவர் உதடு அசைந்தது. நான்கு நிமிடம் பதினோரு விநாடி, முழுப் பாட்டையும் கேட்டார். மறுபடி அதே பாட்டு தொடங்கியது. கேசட்டைத் தன் கையாலேயே திருப்பிப் போட்டார். அங்கேயும் நான்தான். அப்போது வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கண்ணீர் மட்டும் கன்னம் இரண்டிலும் இறங்கியது. பாடகர் குழுப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

மறுநாள் காலை எட்மண்ட் சார் கடைக்கு வந்தார். கோபப்படவில்லை. "அடியில ஏதாவது மிச்சம் இருக்குமா, லோகநாதன்? லேசா ஒரு வரி?" என்று கேட்டார். இருக்காது என்று உண்மையைச் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகுதான் உங்களிடம் புகார் வந்தது.

ஆகவே நான்தான் செய்தேன், எல்லாவற்றையும், தெரிந்தே. கடையை மூடச் சொன்னால் மூடுகிறேன். ஒரே ஒரு விவரத்தை மட்டும் சங்கத்தின் பதிவில் சேர்க்கச் சொல்கிறேன். வேறு கேசட் தருகிறேன், இதைக் கொடுங்கள் என்று எட்மண்ட் சாரிடம் கேட்டேன், தர மறுத்துவிட்டார். டீச்சர் தினமும் அதை முதலிலிருந்து கடைசிவரை காதோடு வைத்துக் கேட்கிறாராம். பிடிக்காத பாட்டை யாராவது அப்படிக் கேட்பார்களா?