ரெண்டு தோளுக்கு ஒரு கட்டு

ஷேக் பரீத்: கையை ஆட்டாதீங்க சார். ஆட்டினா எலும்பு சேராது. நான் சொல்லுதேன், இந்த முக்கோணத் துணியை எடுத்துக்கிடுங்க. கழுத்துல ஒரு முடிச்சு. தொட்டில்ல பிள்ளை கெடக்கிற மாதிரி கை சுகமாக் கெடக்கும்.

பஞ்சு: தொட்டிலெல்லாம் வேண்டாம் பாய். வெளியில தெரியாத மாதிரி ஏதாவது காட்டுங்கோ.

ஷேக் பரீத்: ஒடைஞ்சது காலர் போன் சார். அதை எங்க ஒளிச்சு வைக்க?

பஞ்சு: டாக்டர் ரெண்டு விதம் இருக்குன்னாரே...

ஷேக் பரீத்: இருக்கு. இந்தா பாருங்க, வாருக்கட்டு. ரெண்டு தோளையும் சுத்தி வந்து முதுகுல எட்டு போட்ட மாதிரி நிக்கும். மேல சட்டையை மாட்டிக்கிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. நெஞ்சு மட்டும் கொஞ்சம் துருத்தும்.

பஞ்சு: கொஞ்சம்னா?

ஷேக் பரீத்: போலீஸ் ஹவல்தார் மாதிரி.

பஞ்சு: போலீஸ் பேச்செல்லாம் இப்போ எதுக்கு!

ஷேக் பரீத்: ஏன் சார் இப்படி வேர்க்குது?

பஞ்சு: வெயில்.

ஷேக் பரீத்: வெளிய மழைல்லா கொட்டுது.

பஞ்சு: பாய், விஷயம் இதுதான். நாளைக்கு ஆபீஸ்ல எனக்குக் கன்ஃபர்மேஷன். ரெண்டு வருஷமா டெம்பரரி. சூபரிண்டெண்ட் ராமபத்ரன்னு ஒருத்தர், வேலையைப் பத்திக்கூடக் கேக்கமாட்டார், நடத்தையைத்தான் தோண்டுவார். அவர் நல்லபடியா ஒரு வரி எழுதினா நான் பர்மனென்ட். இல்லேன்னா பெட்டியைக் கட்டிண்டு பாலக்காட்டுக்கு ரயில் ஏறணும். ஆத்துல அவளுக்கு வேற ஏழு மாசம்.

ஷேக் பரீத்: எலும்பு ஒடைஞ்சதுக்கும் நடத்தைக்கும் என்ன சார்? எப்படி ஒடைஞ்சுது?

பஞ்சு: தாதர்ல... ரயில்லேர்ந்து இறங்கறச்சே எவனோ தள்ளிட்டான்.

ஷேக் பரீத்: பின்ன என்ன? ரயில்ல தள்ளு வாங்காத ஆளு பம்பாயில உண்டுமா?

பஞ்சு: அவர் நம்பமாட்டார். அந்த மூக்கு இருக்கே, பொய்யை அடுத்த பில்டிங்லேர்ந்தே மோந்து பார்த்துடும்.

ஷேக் பரீத்: பொய்யா?

பஞ்சு: பேச்சுக்குச் சொன்னேன்! ஜல்தி கட்டிக் குடுங்கோ.

ஷேக் பரீத்: மாட்டுங்காவுல இல்லாத மருந்துக்கடையா? ஒடைஞ்ச எலும்போட தாராவி வரைக்கும் வந்திருக்கீங்க.

பஞ்சு: அங்க கடையும் இருக்கு, தெரிஞ்சவாளும் இருக்கா.

ராமபத்ரன்: பாய்! காலர் போனுக்கு, வெளியில தெரியாத மாதிரி ஏதாவது கட்டு இருக்கா? கொஞ்சம் சீக்கிரம்... யாரது? பஞ்சுவா?

பஞ்சு: சா... சார்!

ஷேக் பரீத்: ஓ, ராமபத்ரன் சார் இவுகதானா?

ராமபத்ரன்: என் பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஷேக் பரீத்: இப்பத்தான் சொன்னாவ. உங்க மூக்கைப் பத்தி...

பஞ்சு: மூக்கும் முழியுமா லட்சணமா இருப்பேள்னு சொன்னேன் சார்!

ராமபத்ரன்: மருந்துக்கடையில உக்காந்துண்டு என் லட்சணத்தை எதுக்குடா வர்ணிக்கறே? கைக்கு என்ன?

பஞ்சு: ரயில் சார். தாதர்ல தள்ளிட்டான். உங்க கைக்கு?

ராமபத்ரன்: பாத்ரூம். எண்ணெய் தேய்ச்சுண்டு வழுக்கிட்டேன்.

பஞ்சு: வியாழக்கிழமையில எண்ணெயா சார்?

ராமபத்ரன்: நேத்திக்கு விழுந்தேன். புதன்கிழமை. போறுமா? நீ எப்போ விழுந்தே?

பஞ்சு: நானும் நேத்திக்குத்தான் சார். காலையில.

ராமபத்ரன்: காலையில உடைஞ்ச கையோடவா சாயங்காலம் வரைக்கும் டைப் அடிச்சே?

பஞ்சு: அப்போ... சாயங்காலம் சார்.

ராமபத்ரன்: தள்ளினவனைப் பார்த்தியா?

பஞ்சு: இல்லை சார்.

ராமபத்ரன்: நன்னா யோசிச்சுச் சொல்லு. முகம்? கண்ணாடி? குரல் ஏதாவது கேட்டுதா?

பஞ்சு: ஒண்ணுமே இல்லை சார். முதுகுப் பக்கமா வந்தான்.

ராமபத்ரன்: அச்சா, அச்சா. பகவான் காப்பாத்தினார்.

பஞ்சு: என்னையா சார்?

ராமபத்ரன்: பின்னே யாரை? பாய், கட்டை எடுங்கோ.

ஷேக் பரீத்: அதுலதான் ஒரு சங்கடம். வாருக்கட்டு ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு. இவுக கேட்டுட்டாவ.

பஞ்சு: சாரே எடுத்துக்கட்டும்.

ராமபத்ரன்: சேச்சே. நீ முதல்ல வந்தவன்.

பஞ்சு: சார் பெரியவா.

ராமபத்ரன்: நீ சின்னப் பையன், எலும்பு கோணலாச் சேர்ந்துட்டா ஆயுசு பூரா கஷ்டம்.

பஞ்சு: சாருக்கு ஆபீஸ்ல கையெழுத்துப் போடற கை.

ராமபத்ரன்: அப்படியா சொல்றே? சரி, இவ்வளவு வற்புறுத்தறே...

பஞ்சு: இன்னும் ரெண்டு தடவை வேண்டாம்பேள்னு நெனைச்சேன் சார்.

ஷேக் பரீத்: ஆளுக்குப் பாதியா அறுத்துத் தரட்டுமா?

ராமபத்ரன்: ஏன் பாய், ஒரு கடையில ஒண்ணுதான் வெச்சிருப்பேளா?

ஷேக் பரீத்: நேத்து வரைக்கும் ஒரு பெட்டி நிறைய இருந்துது சார். சேதி தெரியாதா? கோலிவாடாவுல ரோஸி ஆண்ட்டி வீட்டுல நேத்து போலீஸ் ரெய்டு. உள்ள கள்ளச் சாராயம் ஊத்திக்கிட்டு இருந்தவுக அம்புட்டுப் பேரும் பின்பக்கத்துச் சுவர் ஏறிக் குதிச்சிருக்காவ. காலையிலேருந்து ஒருத்தருக்குக் கை, ஒருத்தருக்குக் கால். எல்லாரும் ரயில்ல விழுந்தேன், பாத்ரூம்ல விழுந்தேன்னுதான் சொல்லுதாவ.

ராமபத்ரன்: சிவ சிவா! மதுவிலக்கு அமல்ல இருக்கற ஊர்ல இப்படியும் ஜன்மங்கள்!

பஞ்சு: அநியாயம் சார்.

ராமபத்ரன்: இவாளையெல்லாம் வரிசையா நிக்க வெச்சுச் சவுக்கால அடிக்கணும்.

பஞ்சு: நிக்க முடியாதே சார், கால் உடைஞ்சிருக்குமே.

ஷேக் பரீத்: அங்க போறதுல படிச்சவுகதான் சாஸ்தியாம். குடிக்கப் பர்மிட் வாங்கணும்னா, இவன் குடிகாரன்தான்னு டாக்டரு எழுதித் தரணும்லா? அதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு ஆண்ட்டி வீட்டுக்குப் போறாவ.

ராமபத்ரன்: இதெல்லாம் எனக்கு எங்கே தெரியப்போறது? நான் நேத்து சாயங்காலம் பூரா சமாஜத்துல, காலட்சேபத்துலன்னா உக்காந்திருந்தேன்.

பஞ்சு: நானும்தான் சார்!

ராமபத்ரன்: நீயா? எலும்பு உடைஞ்சப்புறமா காலட்சேபத்துக்குப் போனே?

பஞ்சு: பக்தி சார். நீங்களும் வலியோடதானே வந்திருப்பேள்?

ராமபத்ரன்: ...ஆமாம். பக்திதான். உன்னை அங்கே காணலையேடா?

பஞ்சு: கடைசி வரிசை. தூண் மறைச்சுடுத்து.

ராமபத்ரன்: எந்தக் கட்டம் சொன்னார், சொல்லு பார்ப்போம்.

பஞ்சு: கல்... கல்யாணக் கட்டம்.

ராமபத்ரன்: கரெக்ட். கல்யாணக் கட்டமேதான். அபாரம்! நான் கண்ணீரே விட்டுட்டேன்.

பஞ்சு: கல்யாணத்துல எதுக்கு சார் கண்ணீர்?

ராமபத்ரன்: என் கல்யாணம் ஞாபகம் வந்துடுத்து.

ஷேக் பரீத்: எந்தக் காலட்சேபம் சார்? ஒசரமா, பட்டுச் சால்வை போட்டுக்கிட்டு, நெத்தி நிறைய பொட்டு வெச்சிருப்பாவளே... அவுகளா?

ராமபத்ரன்: அவரேதான். என்ன ஞானம்! என்ன சாரீரம்!

ஷேக் பரீத்: அவுகளுக்கு நேத்து மத்தியானமே தொண்டை கட்டிப் போச்சுல்லா. சயான்ல எங்கயோ தங்கியிருக்காவளாம், நம்ம கடைக்குத்தான் வந்து மாத்திரை வாங்குனாவ. ஒரு சொல்லு வெளிய வரல. கையாலதான் பேசுனாவ. கதையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சாச்சுன்னு கூட வந்தவரு சொன்னாரே?

பஞ்சு: ...

ராமபத்ரன்: ...

ஷேக் பரீத்: என்ன சார், ரெண்டு பேருக்கும் பேச்சே வரல? உங்களுக்கும் அந்த மாத்திரை தரட்டுமா?

ராமபத்ரன்: பாய்... துணியில குத்தறதுக்குப் பெரிய ஊக்கு இருக்கா?

ஷேக் பரீத்: உள்ள கெடக்கு. தேடி எடுத்தாரேன். அதுக்குள்ள ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து அந்த வாரைப் பிச்சுராதீங்க.

ராமபத்ரன்: ...போயிட்டானா?

பஞ்சு: போயிட்டார்.

ராமபத்ரன்: ரயில்லயாடா விழுந்தே?

பஞ்சு: பாத்ரூம்லயா சார் விழுந்தேள்?

ராமபத்ரன்: கேள்வி கேக்கறது நான்!

பஞ்சு: சார்... சத்தியமா முதல் தடவை சார். சிநேகிதன் ஒருத்தன் கூட்டிண்டு போனான். மூக்கைப் பிடிச்சுண்டு ஒரு மடக்கு உள்ளே விட்டேன், வாசல்ல விசில். என்ன பண்றதுன்னு தெரியலை. எல்லாரும் ஓடினா, நானும் ஓடினேன். எல்லாரும் சுவர் ஏறினா, நானும் ஏறினேன்.

ராமபத்ரன்: ம்.

பஞ்சு: ஆனா நன்னாக் குதிச்சேன் சார். பூனை மாதிரி இறங்கினேன். உடம்புல ஒரு சிராய்ப்பு இல்லை. எழுந்து வேட்டியைத் தட்டிண்டு ஆத்துக்குப் போயிருப்பேன். அப்போதான் மேலேர்ந்து...

ராமபத்ரன்: மேலேர்ந்து?

பஞ்சு: ஒரு தடியன் சார்! அரிசி மூட்டை மாதிரி தொபீர்னு என் முதுகுல வந்து விழுந்தான். மூஞ்சி சேத்துல புதைஞ்சுடுத்து. மளுக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான், காலர் போன் போச்சு. என்னையே மிதிச்சுண்டு எழுந்து ஓடினான். பாவி! கட்டையில போறவன்!

ராமபத்ரன்: திட்டாதேடா. அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும்.

பஞ்சு: எனக்கு மட்டும் இல்லையா சார்? ராத்திரி பூரா தூக்கமே இல்லை. அவ வயித்துல கையை வெச்சுண்டு தூங்கறா. வேலை போயிடுத்துடின்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? பயமா இருக்கு சார். நிஜமாவே பயமா இருக்கு.

ராமபத்ரன்: அழாதே. கண்ணைத் துடைச்சுக்கோ. இந்தா, வாருக்கட்டை நீயே எடுத்துக்கோ. எனக்கு அந்தத் துணி போறும்.

பஞ்சு: துணின்னா மாட்டுங்கா பூரா நிறுத்தி வெச்சுக் கேக்குமே சார்?

ராமபத்ரன்: கேக்கட்டும். ஆத்துல மாமி கேக்கறதைவிடவா அவா கேட்டுடப்போறா?

பஞ்சு: நாளைக்கு... நடத்தைங்கற இடத்துல என்ன எழுதப்போறேள்?

ராமபத்ரன்: ‘எப்பேர்ப்பட்ட பாரமானாலும் தாங்குவான்’னு எழுதறேன். நீ பர்மனென்ட். போறுமா?

பஞ்சு: சார்! நீங்க தெய்வம் சார்! நீங்களும் ஒரு மனுஷர், அந்தத் தடியனும் ஒரு மனுஷன். கீழே ஒருத்தன் கிடக்கானே, இருக்கானா செத்தானான்னு ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்காம ஓடினானே சார்!

ராமபத்ரன்: திரும்பிப் பார்த்தேன்டா. நீன்னு தெரிஞ்சப்புறம்தான் அப்படி ஓடினேன்.