கமலைக் குரல்

அறுபதுகளில் ஒருநாள், தூத்துக்குடி ரயிலில் எனக்கு எதிரே எரியோடு ஊர்க் குடியானவர் ஒருவரும் அவர் மனைவியும் திண்டுக்கல்லில் ஏறி உட்கார்ந்தார்கள். நாளிதழை விரித்துவைத்துக்கொண்டு அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டேன். தப்புதான், இந்த வயதிலாவது ஒப்புக்கொள்கிறேன்.

“கடலப் பாக்க எனக்கு நேரமில்ல” என்று அவர் சொன்னது பெட்டி முழுக்கக் கேட்டது.

“தூத்துக்குடிக்குப் போயிட்டுக் கடலப் பாக்காமயா? கப்பல் பாக்கணும், உப்பளம் பாக்கணும், மாதா கோயில்ல மெழுகுதிரி ஏத்தணும்.”

“நீ போயிப் பாரு. நான் பள்ளிக்கூட வாசல்ல நின்னு நம்ம ரோசாலி பாடம் நடத்துறதக் கேக்கணும்.”

“நில்லுங்க. ஆனா வாயத் தொறக்காதீங்க. கெணத்துல கமல கட்டித் தண்ணி எறைக்கிற மாட்ட அதட்டி அதட்டி, உங்களுக்கு மெதுவாப் பேசவே வராது. டீச்சரோட அப்பா இப்பிடிக் கத்துறாரேன்னு பிள்ளைக சிரிச்சா அவளுக்குத்தான தலகுனிவு?”

மதுரை தாண்டியது. பிறகு அவர் தன்னால் முடிந்த மட்டும் மெதுவாகச் சொன்னார். அதுவும் பெட்டி முழுக்கக் கேட்டது.

“பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர் நம்ம வீட்டுக்கு வந்தப்ப என்ன சொன்னாங்க? கடல் காத்து எம்புட்டு எரைஞ்சாலும் ரோசாலி டீச்சர் குரலு கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குதுன்னாங்கள்ல? அது ஆரு குடுத்த குரலு புள்ள?”

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“சரி, வாசல்ல நின்னு ஒரு தடவ அவ பேரச் சொல்லிக் கூப்பிடுங்க” என்றார். “மொத்தப் பள்ளிக்கூடமும் கேக்கட்டும்.”