மதுரையில் விட்ட விமானம்

— பொய் சொல்லாத யுவராணி. யாரு வந்தா வீட்டுக்கு?

— யாரு வருவா? காலையில பால்காரரு வந்தாக. மத்தியானம் கேஸ் சிலிண்டரு வந்துச்சு. சிலிண்டரு மேலயும் சந்தேகமா?

— நக்கல் பண்ணாத. நேத்து நான் கம்ப்யூட்டர நிப்பாட்டும்போது விமானம் மதுரையிலதேன் நின்னுச்சு. வலதுபக்க எஞ்சின் வெந்து கரியாக் கெடந்துச்சு. இப்பத் தொறந்து பாத்தா கொச்சியில நிக்குது! ரெண்டு எஞ்சினும் புதுசாட்டம் இருக்கு. அதுவாப் பறந்து போச்சா?

— போயிருக்கும். போன வாரம் ஜீப்பு சாவி அதுவா நடந்து போயிருச்சுன்னு நீங்கதான சொன்னீக.

— ஏ புள்ள, இது வெளையாட்டு இல்ல, கேட்டியா?

— வெளையாட்டுதான? சீடியில ‘கேம்’னுதான எழுதியிருக்கு?

— வெளையாட்டுன்னு சொல்லாதன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்! பழைய காலத்து விமானத்துல என்னென்ன உண்டோ அம்புட்டும் இதுல உண்டு. எஞ்சின் வெந்தா வெந்ததுதேன், ரிப்பேரு பாக்காம எந்திரிக்காது. விட்ட எடத்துலதேன் நிக்கும். இப்பச் சொல்லு, கர்ணன் வந்தானா?

— எந்தக் கர்ணன்?

— ஊருல எத்தன கர்ணன் இருக்கான்? சின்னமனூரு அரிசி மில்லுக்காரன். மதுரையில ஒரு டாக்டரு இண்டர்நெட்டுல நடத்துற விமானக் கிளப்புல எங்கூடப் பறக்கிறவன். நாளைக்குப் பரீட்சை. அவன் அவுக வீட்டுல இருந்து, நான் இங்கன இருந்து, இண்டர்நெட்டுல ஒண்ணாக் கெளம்பணும். மதுரையில தூக்கி, மலையத் தாண்டி கொச்சியில எறக்கணும். எவன் எஞ்சின் சூடு காட்டுற ஊசி செவப்புக் கோட்டத் தொடாமப் போகுதோ அவந்தேன் கேப்டன். அதேன் வேவு பாக்க வந்திருக்கான்.

— அவுக ஏங்க வேவு பாக்கணும்? கர்ணன் அண்ணே ஊசி ஒருநாளும் செவப்பத் தொட்டதில்லன்னு நீங்கதான பொலம்புறீக.

— அதேன் எனக்கு வயித்தெரிச்சல்! டாக்டரு எல்லாரும் கேக்க மைக்குல சொல்றாரு, ‘கர்ணன் எஞ்சினத் தொட்டில் புள்ளையாட்டம் கொண்டு போறாரு’ன்னு. எனக்கு உள்ளங்கால்ல இருந்து பத்திக்கிட்டு வருது. தவிட்டு மூட்டைக்கு நடுவுல உக்காந்திருக்கிறவன் அவன். கல்யாணத்துக்கு முந்தி இருந்தே குமுளி மலையில ஜீப்பு ஓட்டுறவன் நான். எஞ்சினப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?

— இருக்கட்டுங்க. இப்ப நீங்க கேக்குறது கம்ப்யூட்டரப் பத்தியா, என்னயப் பத்தியா?

— ரெண்டும்தேன்னு வச்சுக்கயேன்.

— நல்லாருக்கு! ஒரு இரும்புத் தகரம் எடம் மாறி நின்னுச்சுன்னு பொண்டாட்டியச் சந்தேகப்பட்ட மொத ஆளு இந்தக் கம்பம் ஊருல நீங்களாத்தான் இருப்பீக.

— அப்ப யாருதேன் பறத்துனா?

— நான்.

— யாரு?

— நான்தாங்க. நீங்க காலையில கூலியாளுகள ஏத்திக்கிட்டு ஏலத்தோட்டத்துக்குப் போனதும் உக்காருவேன். தினமும் திருப்பிக் கொண்டாந்து மதுரையிலயே விட்டுருவேன். இன்னைக்கி வெந்த எஞ்சின ரிப்பேரு பாத்துட்டுக் கொச்சியில எறக்கி நிப்பாட்டுறேன், கரண்டு போயிருச்சு. அது வர்றதுக்குள்ள நீங்க வந்துட்டீக.

— நீ கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவ!

— அதுக்குத்தான இந்தக் கம்ப்யூட்டரே வாங்குனோம்? எங்கம்மா வீட்டு வளையல வித்து எனக்குன்னு வாங்குனது. இப்ப பொழுது சாஞ்சா நீங்க ஆகாசத்துல, நான் அடுப்பங்கரையில.

— அதுக்காக என் விமானத்தத் தொடுவியா?

— தொட்டேன். ஏன் தொட்டேன்னு கேளுங்க. போன ஆடியில எனக்குக் காய்ச்சல். போர்வைக்குள்ள கெடந்து அனத்துறேன். நீங்க அங்கன உக்காந்துக்கிட்டு, ‘ஐயோ சூடு ஏறுதே, ஏறுதே’ன்னு பதறுறீக. எனக்குன்னு நெனச்சு, ‘மாத்திரை போட்டுட்டேங்க, கொறஞ்சிரும்’னு நானும் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. அன்னைக்கித்தான் நெனச்சேன், இந்தச் சக்களத்தி எப்படித்தான் இருக்கான்னு பாத்துருவோம்னு.

— சக்களத்தியா? அது இரும்புடி.

— இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஆகல.

— யாரு கத்துக் கொடுத்தா? அதச் சொல்லு மொதல்ல.

— தெரிஞ்ச ஆளுதான்.

— எந்த ஆளு? ஆம்பளையா?

— மலையத் தாண்டட்டும், சொல்றேன்.

— எந்த மலைய?

— உங்க கண்ணு முன்னால இப்பப் பறத்திக் காட்டுறேன். எஞ்சின் வெந்துச்சுன்னா அந்த நாற்காலிப் பக்கமே வரல. வேகலன்னா நாளைக்கு நான் சொல்றபடி கேக்கணும்.

— வேகாம எப்படி... சரி, உக்காரு. பாத்துருவோம்.

— தள்ளி உக்காருங்க, கையி இடிக்குது. டாக்டரு அனுப்புன பரீட்சைப் பாடத்தத் தொறக்குறேன், அது மதுரையில இருந்துதான் கெளம்பும். ம்... ஓடுது... தூக்கிட்டேன், பாத்தீகளா?

— சக்கரத்த மடக்கு.

— மடக்கியாச்சு.

— ஆண்டிபட்டி வந்துருச்சு. எதுக்க மலை நிக்குது, மூக்கத் தூக்கு. தூக்கு புள்ள!

— தூக்க மாட்டேன்.

— ஏத்தம்டி! ஏத்தத்துல பையத்தேன் போகணும். வண்டிய எறும்பாட்டம் ஊர விடணும். ஊருல எந்த டிரைவரையும் கேட்டுப் பாரு.

— அதான் உங்க எஞ்சின் வேகுது. நீங்க இதையும் குமுளி மலை ஜீப்புன்னு நெனச்சு ஓட்டுறீக. ஜீப்பு கொதிச்சா மலையடிவாரத்து லோயர் கேம்ப்புல நிப்பாட்டி, பானட்டத் தொறந்து தண்ணி ஊத்துவீக. இங்கன எங்க நிப்பாட்டுவீக, மேகத்துலயா? இதுக்கு ரேடியேட்டரும் கெடையாது, தண்ணியும் கெடையாது. காத்து அடிச்சாத்தான் எஞ்சின் ஆறும். மூக்கத் தூக்கிக்கிட்டு ஊந்துக்கிட்டுப் போனா காத்து எங்கிட்டு இருந்து வரும்? இந்தா, மூக்கக் கொஞ்சம் எறக்குறேன். வேகம் கூடுதா?

— வேகமாப் போனா சூடு கொறையுமா? இது எந்த ஊரு ஞாயம்?

— ஊசியப் பாருங்க.

— எறங்குது.

— எஞ்சினச் சுத்திச் சின்னச் சின்னக் கதவு இருக்குல்ல, அதையும் தொறந்தே வச்சிருக்கேன். நீங்க மேல கெளம்புன ஒடனே மூடிருவீக, மழைக்கு ஜீப்புல தார்ப்பா கட்டுற மாதிரி.

— தொறந்து கெடந்தா காத்துல இழுத்து வேகம் கொறையும்ல?

— கொஞ்சம் கொறையும். கொறஞ்சா என்ன, கொச்சியில பந்தியா முடிஞ்சிரும்? அவசரப்பட்டா சோறு அடிதான் பிடிக்கும்.

— ஒசரம் பத்தாது, கேட்டியா. குமுளி மலையில முட்டிருவ.

— முட்ட மாட்டேன். வைகை அணைக்கு மேல ரெண்டு சுத்துச் சுத்தி ஏறிக்கிட்டுத்தான் போவேன். மலைக்கிட்டப் போயி மல்லுக்கு நிக்கிறது உங்க வேலை... இந்தா, ஏறியாச்சு. இனி பள்ளத்தாக்கு மேல நேரா விட வேண்டியதுதான். கம்பம் கீழ போகுது.

— இந்த எடத்துலதேன் எனக்குப் பொக வரும்.

— வரலையே.

— வரல.

— தாண்டிட்டேங்க. மலை பின்னால போயிருச்சு.

— நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல யுவராணி. பச்சையா, தண்ணியா... இப்படியா இருக்கும்?

— தினமும் பாக்குறேன். அலுக்கல.

— உன்னயப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. கர்ணன் மேல இருந்தத விடக் கூட. அவன் ஜெயிச்சா டீக்கடையில நின்னு பொலம்பலாம். நீ ஜெயிச்சா எங்கன போயிப் பொலம்ப?

— எங்கிட்டயே பொலம்புங்க. கேக்குறேன்.

— சிரிக்காத. எறக்கம் வந்துருச்சு பாரு, பவர சுத்தமா மூடு. எறக்கத்துல எதுக்குப் பெட்ரோல எரிக்கிற?

— பாத்தீகளா, நியூட்ரல்ல உருட்டுற புத்தி வந்துருச்சு! இம்புட்டு நேரம் கொதிச்ச எஞ்சின மேக்காத்துல பட்டுன்னு ஆற விட்டா எஞ்சின் சிலிண்டரு விரிசல் விட்டுரும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். கதவ இப்ப மூடணும்... அப்படித்தான்... ஓடுதளம் தெரியுதா?

— தெரியுது. சக்கரம், சக்கரம்!

— விட்டாச்சு சாமி... தொட்டுருச்சு... நின்னுருச்சு. ஊசி எங்க இருக்கு?

— பச்சையிலதேன் இருக்கு.

— செவப்பத் தொட்டுச்சா?

— ஒருக்கா கிட்டத்துல போயி நடுங்குச்சு. தொடல.

— அது எப்பவும் எனக்கு அங்கன நடுங்கத்தான் செய்யுது, சனியன். சரி, நான் ஜெயிச்சேனா இல்லையா?

— ஜெயிச்ச. என்ன செய்யணும், சொல்லு.

— நாளைக்கு நாற்காலி எனக்கு.

— எடுத்துக்க. நானே சொல்லலாம்னுதேன் இருந்தேன். நீ பறத்து, மைக்குல நான் பேசுறேன். டாக்டருக்குத் தெரியவா போகுது?

— கையி என்னுது, பேரு உங்களுதா?

— கேப்டன் பட்டத்தக்கூட நீயே வச்சுக்க ஆத்தா. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கர்ணன் மூஞ்சி தொங்கணும். மைக்குல அவன் பொலம்புறத நான் காது குளிரக் கேக்கணும், அம்புட்டுதேன்.

— அது தொங்காதுங்க.

— ஏன் தொங்காது?

— அவுக பறத்துனாத்தான தொங்க? கர்ணன் அண்ணே மைக்குல பேசுறதோட சரி. பறத்துறது பூராம் அவுக வீட்டுப் பாண்டியம்மா மதினி.

— என்னது?

— மக சடங்குக்குப் பத்திரிகை அடிக்கணும்னு இங்கன வந்தாக. உங்க விமானம் புகைஞ்சு நிக்கிறதப் பாத்துட்டு, ‘இத எந்தக் கிறுக்கன் ஓட்டுறது?’ன்னு கேட்டாக. அப்பறம் உக்கார வச்சு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவுகதான். பகல்ல ரெண்டு பேரும் சேந்துதான் பறக்கிறோம்.

— அப்ப நான் இத்தன மாசமா அந்தப் பொம்பளையப் பாத்தா வயிறு எரிஞ்சுக்கிட்டு இருந்தேன்?

— நீங்க மட்டுமா?

— நீ எதுக்குடி? அது உனக்குக் கத்துக் கொடுத்த மகராசி!

— கத்துக் கொடுத்தா சரியாப் போச்சா? அவ ஊசி ஒரு நாளாச்சும் நடுங்குதாங்கிறேன்! நாளைக்கு மட்டும் அவ எஞ்சின் வெந்து பொக வரட்டும், வர்ற சித்திரையில வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன்னு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சுட்டேன்.