சூளை ரோட்டில் இறக்கிவிட்டது

டீ நன்றாக இருந்தது. சர்க்கரைதான் ஒரு கரண்டி தூக்கல். எங்கள் பேக்கரியிலும் இப்படித்தான், தூளில் குறைக்கிறதைச் சர்க்கரையில் சரிக்கட்டுவார்கள். குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொன்னேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நான் எங்கேயும் ஓடப்போவதில்லை.

நான் பேக்கரி வேன் ஓட்டுகிறவள். காலையில் ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு, மூடிப்போன செங்கல் சூளை வழியாகப் போய், அந்தப் பக்கத்துச் சின்னச் சின்னக் கடைகளுக்கெல்லாம் போட்டுவிட்டுத் திரும்புவேன். சூளையைச் சுற்றி வீடு கிடையாது, கடை கிடையாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்றால் நம் ஜனங்களுக்கு ஒரே யோசனைதான் வரும். வேண்டாததைக் கொண்டுபோய்க் கொட்டு. உடைந்த நாற்காலி, கிழிந்த மெத்தை, பூனை.

எப்படி விடுகிறார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். கார் நிற்கும். என்ஜினைக்கூட அணைக்க மாட்டார்கள். கதவு திறக்கும், ஒரு கை வெளியே வரும், ஒரு பை விழும், கதவு சாத்திக்கொள்ளும். கேட்டால், "காட்டுல எலியைப் புடிச்சுப் பொழைச்சுக்கும்" என்பார்கள். சோபாவில் தூங்கிப் பால் குடித்து வளர்ந்தவளுக்கு எலி பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவள் எங்கேயும் போக மாட்டாள். இறக்கிவிட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்ப்பாள், நம் வண்டியாக இருக்குமோ என்று. அப்படிப் பார்க்கும்போதுதான் சக்கரத்தில் மாட்டுவது. நான் வேனை ஓரங்கட்டி, ரோட்டிலிருந்து எடுத்துப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ரொட்டி போடப் போவேன். கடைக்காரர்கள், "ஏன் லேட்டு?" என்று கேட்பார்கள். டயர் பஞ்சர் என்று சொல்லிவிடுவேன். அவர்களில் பாதிப் பேர் அதே சூளையில் பூனை விட்டவர்கள்தான்.

அப்படி ஆரம்பித்ததுதான் பூனை பிடிக்கிற இந்தக் கூண்டு வேலை. மீன் தலையை உள்ளே வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். கதவு விழுந்த உடனே கூண்டின் மேல் துணியைப் போர்த்திவிட வேண்டும். இருட்டானால் அடங்கிவிடுவார்கள். டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார், முகம் சுளிக்காமல் எல்லாருக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்வார். செய்ததற்கு அடையாளமாக இடது காது நுனியை லேசாக வெட்டிவிடுவார். மயக்கம் தெளிந்து, தையல் ஆறியதும் திரும்பக் கொண்டுபோய்ச் சூளையில் விட்டு, தினமும் சாப்பாடு வைப்பேன். குட்டி போடாது, சண்டை இருக்காது, கூட்டம் பெருகாது. பேக்கரி முதலாளி மட்டும், "ரொட்டியில பூனை முடி வந்துச்சுன்னா உன்னைத்தான் அடுப்புல வைப்பேன்" என்பார். நல்ல மனுஷர். வேன் சாவியைத் திருப்பிக் கேட்டதே இல்லை.

இப்போது என் தங்கை வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. அவளுக்கு நானும், அவள் புருஷனும். குழந்தை இல்லை. அவர் செருப்புக்கடை வைத்திருந்தார். நீங்கள் அப்போதே கேட்டீர்கள், அடிப்பாரா என்று. இல்லை. குடிப்பாரா என்றீர்கள். இல்லை. வாயைத் திறந்தால் வேடிக்கைப் பேச்சுதான். என் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் சொல்லி அவள் அப்படிச் சிரித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு நான் மறைத்தேன் என்று வரக்கூடாது.

தங்கை ஒரு பூனை வளர்த்தாள். பழுப்பும் வெள்ளையுமாக இருப்பாள், மொட்டு என்று பெயர். மொட்டு குட்டி போடும். கண் திறந்து நாலு எட்டு நடக்கிற பருவத்தில் குட்டிகள் காணாமல் போகும். "பண்ணைக்காரர் ஒருத்தர் ஆசையா கேட்டார், குடுத்துட்டேன்" என்று அவர் சொல்வார். தங்கையும், "நல்ல இடமா போச்சுக்கா" என்று என்னிடம் சொல்லிச் சந்தோஷப்படுவாள்.

அந்த நல்ல இடத்தை நான் ஒரு மழைநாளில் பார்த்தேன். சூளை ரோட்டு ஓரத்தில் செருப்பு டப்பா ஒன்று நனைந்து உப்பிக் கிடந்தது. மூடியில் அவர் கடைப் பெயர். உள்ளே இருந்தவை அசையவில்லை.

கடைக்குப் போய் டப்பாவை அவர் மேஜையில் வைத்தேன். யாருக்கோ செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, நீங்கதான் ஊர்ப் பூனைக்கெல்லாம் குடும்பக்கட்டுப்பாடு பண்றீங்க. நான் சப்ளை பண்ணலேன்னா உங்க தொழில் படுத்துடாதா?"

செருப்பு வாங்க வந்தவரும் சிரித்தார். என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. கோபம் வந்தால் நான் கத்துகிற ஜாதி இல்லை. உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். தங்கையிடமும் சொல்லவில்லை. பாவம், சிரித்துக்கொண்டு இருக்கிறவளை ஏன் கெடுப்பது?

மொட்டுவை நானே தூக்கிக்கொண்டுபோய் ஆபரேஷன் செய்து கொண்டுவந்து விட்டேன். "தையல் ஆறுற வரைக்கும் வெளியே விடாதே" என்று தங்கையிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டாள். அவருக்குத்தான் பொறுக்கவில்லை. புதுக் கம்பளத்தில் மொட்டு வாந்தி எடுத்துவிட்டாளாம். தங்கை கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வந்தவளிடம், "கதவு திறந்திருந்துச்சும்மா, ஓடிருச்சு" என்றார். தங்கை தெருத்தெருவாக மொட்டு மொட்டு என்று கூப்பிட்டுக்கொண்டு அலைந்தாள். அவரும் கூடவே அலைந்தார். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, கட்டிலடியில்கூடக் குனிந்து பார்த்தாராம். தங்கை அதைப் பெருமையாக என்னிடம் சொன்னாள்.

வேன் ரிப்பேரில் கிடந்ததால் நான் சூளைக்குப் போக இரண்டு நாள் ஆகிவிட்டது. மொட்டு ரோட்டு ஓரத்தில், வண்டி வருகிற பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் வேனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தையல் பிரிந்து, மண் ஒட்டி, சீழ் பிடித்திருந்தது. ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் படுக்கவைத்து டாக்டரம்மாவிடம் ஓட்டினேன். அவர் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"ரொம்ப லேட்டும்மா. யார் இதை வெளியே விட்டது?"

"தெரியல டாக்டர்" என்றேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் எதையும் அவசரத்தில் செய்கிறவள் இல்லை.

கொஞ்ச நாளில் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்றில் ஏற்கெனவே புரை. ஆள் நிழலாகத்தான் தெரியும். கார் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டுப் பிரிக்கப் போக வேண்டிய ஆஸ்பத்திரி பக்கத்து ஊரில் இருந்தது. தங்கை, "அக்கா, உன் வேன்ல கூட்டிட்டுப் போயிட்டு வந்துடேன்" என்றாள். நானாகக் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கண் தெரிந்ததும் முதலில் தன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வேண்டுமாம், பயமாகவும் இருக்கிறதாம், இத்தனை நாள் மங்கலாகப் பார்த்து ஏமாந்துவிட்டோமோ என்று. அவரே சொல்லி அவரே சிரித்தார். சூளை வந்தது. ஓரங்கட்டினேன்.

"கொஞ்சம் இறங்கி நில்லுங்க. டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துடறேன்."

நல்ல பிள்ளையாகக் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் போன் வேனில் முன்னால் சார்ஜில் கிடந்தது. என்ஜினை நான் அணைக்கவில்லை.

"அக்கா?" என்றார். வண்டி நகர்ந்த பிறகு, "அக்கா, விளையாடாதீங்க, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. நான் திரும்பி வருவேன் என்றே நினைத்திருப்பார் போல.

அவரைக் கொல்ல வேண்டும் என்று எனக்கு எண்ணம் இல்லை. உட்காரட்டும், ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கட்டும், அது எப்படி இருக்கிறது என்று தெரியட்டும், அவ்வளவுதான். சாயங்காலம் எப்படியும் சாப்பாடு வைக்க வருகிறவள்தானே நான். நின்ற இடத்தில் நின்றிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பார். மொட்டு நிற்கவில்லையா? மனுஷனுக்கு அந்தப் பொறுமை இல்லை. ரோடு என்று நினைத்துச் சூளைப் பக்கம் நடந்திருக்கிறார். அங்கே மண் தோண்டிய பள்ளம் இருக்கிறது. ஓரமெல்லாம் செங்குத்து, அடியில் சேறு. பூனைகள் சுற்றிக்கொண்டு போகும்.

சாயங்காலம் நான் போனபோது பள்ளத்திலிருந்து குரல் வந்தது. தண்ணீர் கேட்டார். கால் முறிந்துவிட்டது என்றார். வேன் சத்தத்தை வைத்து நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். "அக்கா, தப்புதான்கா, என் டப்பாதான்கா, எல்லாம் நான்தான்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். ஒரு கறுப்புத் தடியன் பல மாதமாகக் கூண்டுப் பக்கமே வராமல் டபாய்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கென்று மோப்பம் பிடித்துக்கொண்டு கூண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டான். சத்தம் கேட்டால் பயந்து ஓடிவிடுவான். அவர் கத்தினால் அவன் பின்வாங்குவான், அவர் ஓய்ந்தால் முன்னால் வருவான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் அவர் ஓய்ந்தார், அவன் உள்ளே போனான். துணியைப் போர்த்தினேன். மற்றவர்களுக்குச் சாப்பாடு வைத்தேன், தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவி நிரப்பினேன். நிரப்பும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். மறுபடி, "அக்கா" என்றார். நான் வேனை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய்விட்டேன். கூண்டில் இருக்கிறவனை அதிக நேரம் காக்கவைக்கக்கூடாது.

மறுநாள் ரொட்டி ஏற்றிக்கொண்டு போகும்போது வேனை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டேன். குரல் இல்லை. எட்டிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். இறக்கிவிட்டது நான். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தும் விட்டுவிட்டு வந்தது நான். தூக்கிவிட வேனில் கயிறு இருந்தது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். மொட்டுவை ஒரு நாள் முன்னால் போய்ப் பார்க்காததற்கு உண்டு.

தங்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பக்கத்து வீட்டில் நீங்கள் விசாரித்தபோது ஆள் இல்லை என்று சொன்னார்களாமே, அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். அவரை இறக்கிவிட்ட அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "டாக்டர் அங்கேயே தங்கவச்சுப் பாக்கணும்னு சொல்லிட்டார், நீ தனியா இருக்காதே" என்றேன். முதலில் ஒழுங்காகத்தான் வந்தாள். பிறகு, "ஏன்கா அவர் போனே எடுக்க மாட்டேங்கறார்?" என்று ஆரம்பித்தாள். நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். அதனால் பின்னறையில் வைத்துப் பூட்டினேன். ஜன்னல் உயரம்தான், காற்று வரும். தண்ணீர், சாப்பாடு, படுக்கை, வாளி, எல்லாம் உள்ளேயே இருக்கிறது. வெளிச்சம் பட்டால் கத்தல் அதிகமாகிறது என்று ஜன்னலுக்குத் துணி கட்டியிருக்கிறேன்.

ஆனால் நீங்கள் என்னைக் கூட்டிவந்ததிலிருந்து யாரும் சாப்பாடு வைத்திருக்க மாட்டார்கள். சாவி என் பையில் இருக்கிறது, யாரையாவது உடனே அனுப்புங்கள். போகிறவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், கதவை முழுசாகத் திறக்கக்கூடாது, இடுக்கு வழியாகத் தட்டைத் தள்ளினால் போதும். திறந்தால் நேராகப் பழைய வீட்டுக்குத்தான் ஓடுவாள். இடம் மாற்றிக் கொண்டுவந்தால் எல்லாரும் முதலில் அப்படித்தான், கதவைப் பிறாண்டுவாள், தட்டைத் தொட மாட்டாள். இரக்கப்பட்டுவிடக் கூடாது. இரண்டு வாரம் உள்ளேயே வைத்திருந்தால் போதும், அது பழகிவிடும்.